ஊவாவின் உச்சிகளில் நின்றோர்

வெலிமடைக்கு மேலுள்ள மேடொன்றில் ஏறி நாற்புறமும் நோக்குவோர்க்கு முதலில் தெரிவது வயல். அதனை அடுத்துத் தெரிவது காய்கறித் தோட்டமும் தேயிலையும். அவற்றுக்கப்பால், எத்திசை திரும்பினும், மலை. மேற்கே ஹக்கலைப் பாறை செங்குத்தாய் நிமிர்ந்து நிற்கும். தெற்கே அப்புத்தளை மலைத்தொடர் நீண்டதொரு மதில்போலக் கிடக்கும். கிழக்கே, பதுளைப் பக்கத்தில், நமுனுகுல மலை நீலமாய்த் தோன்றும். வடக்கே மட்டும் அம்மதில் தாழ்ந்து, உமாஓயாவும் பதுளுஓயாவும் மகாவலி கங்கையைத் தேடிச் செல்வதற்கு வழிவிட்டு நிற்கும். ஒருபுறம் விளிம்பு உடைந்த பெரிய மண்கலம் ஒன்றனுள் ஒரு நாட்டை வைத்தாற்போன்றது ஊவா மேட்டு நிலம்.

வழிகாட்டி நூல்கள் இன்று இக்கலத்தின் விளிம்பிலுள்ள உச்சிகளைக் காட்சித் தலங்கள் என்று குறிக்கின்றன. பிற நாட்டவரும் உள்நாட்டவரும் விடியுமுன் எழுந்து ஏறிச் சென்று, ஞாயிறு எழுவதைக் கண்டு மீளுகின்றனர். அது நன்றே. ஆயின் காட்சித் தலம் என்பது தானாகவே உண்டாவதன்று. மலை ஊழிக்காலமாக நிற்கின்றது; ஒருவன் அதன்மேல் ஏறி, ஏதோ ஒன்றை அறியவேண்டிக் கீழே நோக்கிய பின்னரே அது நோக்குமிடம் ஆகின்றது. ஊவாவின் உச்சிகளில் யார் யார் நின்றனர், எதனை நாடி நோக்கினர் என்று கேட்டால், அந்நாட்டின் நானூறு ஆண்டு வரலாறு அவ்வினாவுக்குள் அடங்கிவிடும்.

உயரம் ஒன்றே ஒரு மலையைச் சிறப்பிப்பதில்லை. இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலை 8,281 அடி, அதாவது 2,524 மீட்டர், உயரமுடையது. அது நுவரெலியாவின் மேல் நிற்கின்றது. சிவனொளிபாதமலை 7,359 அடி. நமுனுகுலவோ 6,600 அடியைச் சற்றே கடந்தது. ‘ஒன்பது சிகரம்’ என்பது அச்சிங்களப் பெயரின் பொருள். அளவுகோல் கொண்டு பார்த்தால் ஊவாவின் உச்சிகள் பின்வரிசையிலேயே நிற்கும். அவற்றின் பெருமை உயரத்தில் இல்லை, சரிவில் இருக்கின்றது. மத்திய மலைநாடு தெற்கே படிப்படியாக இறங்குவதில்லை. ஒரே அடியில் அறுந்து விழுகின்றது. ஹோட்டன் சமவெளியின் தென்விளிம்பிலுள்ள ‘உலக முடிவு’ என்னும் இடத்தில் பாறை ஏறக்குறைய 2,900 அடி ஆழத்துக்குச் சரிந்து செல்கின்றது. அதே விளிம்புதான் கிழக்கே இதல்கஸ்ஹின்ன, அப்புத்தளை, பூனாகலை என்று தொடர்ந்து எல்ல இடைவெளிவரை செல்கின்றது. ஆகவே அப்புத்தளைக் கடைவீதியில் நிற்பவனுக்கும் தென்னிலங்கைச் சமநிலம் முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். வானம் தெளிந்த நாளில் அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கடலையும் காணலாம்.

மலையேறுதல் என்பது தமிழருக்கும் சிங்களருக்கும் பழங்காலத்தில் வழிபாடாகவே இருந்தது. சிவனொளிபாதமலையே அதற்குச் சான்று. 1344ஆம் ஆண்டில் அறபு நாட்டுப் பயணி இபுனு பதூதா இலங்கைக்கு வந்தபோது, புத்தளத்தில் தங்கியிருந்த யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்து அம்மலைக்கு அனுப்பிவைத்தான். பாறையில் பொருத்தியிருந்த இருப்புச் சங்கிலிகளைப் பற்றி ஏறிய கதையை அவர் எழுதியுள்ளார். அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்னர், 1336இல், இத்தாலியக் கவிஞர் பெத்ராக் பிரான்சு நாட்டிலுள்ள வான்தூ மலையில் ஏறினார். அதன் உச்சியைக் காணும் ஆசை ஒன்றே காரணம் என்று எழுதிவைத்தார். காட்சிக்காகவே மலையேறியவருள் முதல்வர் இவரே என்று ஐரோப்பியர் கொண்டாடுவர். சங்கிலியைப் பற்றிக்கொண்டு ஏறிய எண்ணிறந்த அடியார்கள் வழியில் ஓரிடத்தேனும் திரும்பிப் பார்த்து வியந்திருக்கமாட்டார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. அவர்கள் அதனை எழுதிவைக்கவில்லை என்பதே வேறுபாடு.

ஊவாவின் விளிம்பு மலைகளில் அத்தகைய பாதச்சுவடு எதுவும் இல்லை. இராவணன் பெயராலும் சீதையின் பெயராலும் வழங்கும் இடங்கள் உண்டு. எல்லவில் இராவணன் குகையும் நீர்வீழ்ச்சியும், ஹக்கலைக்கு அண்மையில் சீதை கோவிலும், வெலிமடைக்கு அருகே சீதை தீக்குளித்த இடமென்று சொல்லப்படும் திவுரும்வெல விகாரையும் அவ்வகையின. இவை மக்கள் நெஞ்சில் வாழும் கதைகள். வரலாற்று நூலில் இவற்றுக்கு ஆண்டு குறிக்க முயல்வது வீண்வேலை. வரலாறு அறிந்த வரையில் ஊவாவின் உச்சியில் முதலில் நின்றவன் அடியவன் அல்லன், காவற்காரன்.

கண்டி இராச்சியத்துக்கு மலையே கோட்டையாக இருந்தது. 1660 முதல் 1679 வரை அந்நாட்டில் சிறைப்பட்டுக் கிடந்த ரொபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கியுள்ளார். மலைமேல் செல்லும் வழிகள் ஒடுக்கமானவை. அவ்வழிகளில் முள்ளால் அமைந்த கதவுகள் உண்டு. அவற்றில் காவலர் அமர்ந்து வருவோரையும் போவோரையும் பார்த்துக்கொண்டிருப்பர். பெருங்கற்களால் கட்டப்பட்ட கோட்டையினும் முட்கதவும் ஒற்றையடிப் பாதையும் வலியன என்பதை ஐரோப்பியர் பலமுறை உயிர்கொடுத்துக் கற்றனர்.

அப்பாடங்களுள் பெரியது ஊவாவிலேயே நிகழ்ந்தது. 1630ஆம் ஆண்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தீனு த சா படையோடு ஊவா மேட்டுநிலத்தில் ஏறி வந்து பதுளையை எரித்தான். ஏறுவது எளிதாகவே இருந்தது. ஏறவிட்டவர்கள் கண்டி அரசன் செனரதனின் மைந்தர்கள். மலைமேல் இருந்தோர்க்கு அவன் படையின் ஒவ்வோர் அசைவும் கண்கூடு. திரும்பும் வழியில், வெல்லவாயப் பக்கத்து ரந்தெனிவெல என்னும் இடத்தில், அவனுடன் வந்த உள்நாட்டு முதலியார்கள் கண்டியர் பக்கம் சேர்ந்தனர். பெருமழையில் வெடிமருந்து நனைந்து பயனற்றுப் போயிற்று. 1630 ஆகஸ்டு 25ஆம் நாள் தளபதி அங்கேயே வீழ்ந்தான். அப்புத்தளையிலிருந்து இன்று வெல்லவாயப் பக்கம் நோக்கி அழகென்று வியப்போர் பார்ப்பது ஒரு படையின் கல்லறையையும்தான்.

கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இரண்டாண்டுகளுக்குள் ஊவாவிலும் வெல்லசவிலும் கிளர்ச்சி மூண்டது. பதுளையில் அரசாங்க அலுவலராயிருந்த வில்சன் 1817இல் அம்பெய்து கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்கும்படி பிரௌன்ரிக் தேசாதிபதி அனுப்பிய கெப்பெட்டிபொல திசாவை, ஊவாவுக்கு வந்து நிலைமையைக் கண்டு, மக்கள் பக்கம் சேர்ந்தான். சேர்வதற்கு முன், ஆங்கிலேயர் கொடுத்திருந்த படைக்கலங்களை அவர்களிடமே திருப்பி அனுப்பினான். அவர்கள் கொடுத்த துப்பாக்கியாலேயே அவர்களைச் சுடுதல் முறையன்று என்று கருதியவனை வரலாற்றில் எளிதிற் காண இயலாது. 1818 நவம்பரில் கண்டியில் அவன் தலை துணிக்கப்பட்டது. மண்டையோடு எடின்பரோ நகருக்குக் கொண்டுபோகப்பட்டு, நாடு விடுதலை பெற்ற பின்னரே இலங்கைக்கு மீண்டது. வெலிமடைக்கும் ஹக்கலைக்கும் இடையிலுள்ள சிற்றூர் இன்று அவன் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அங்கே மரக்கறி ஏற்றும் லொறிகள் எந்நேரமும் நிற்பதால், பெயரின் வரலாற்றை நினைப்பவர் மிகச் சிலரே.

அக்கிளர்ச்சியை அடக்கிய முறை கொடியது. ஊர்கள் எரிக்கப்பட்டன, நெற்களஞ்சியங்கள் அழிக்கப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன. இதனை நேரிற் கண்டு எழுதியவர் ஆங்கிலேயரே ஒருவர். படை மருத்துவரான ஜோன் டேவி, வேதியியல் அறிஞர் ஹம்பிரி டேவியின் தம்பி, 1819இல் ஊவாவழியாகப் பயணம் செய்தார். 1821இல் வெளிவந்த அவருடைய நூலில் நமுனுகுல மலையும் இடம்பெறுகின்றது. அம்மலை சூழ்ந்த நாட்டின் பாழும் இடம்பெறுகின்றது. முன்னர்ச் செழித்திருந்த ஊர்களில் ஆளில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. வென்றவனின் கண்ணோடு மலையேறி, தோற்றவனின் துயரத்தையும் கண்டு எழுதிய அந்த மருத்துவருக்கு வரலாறு கடமைப்பட்டுள்ளது.

அதன்பின் உச்சிக்கு வந்தவன் வேறொருவன். அவன் கையில் வாள் இல்லை. முக்காலியின்மேல் வைத்த கோணமானி இருந்தது. இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டில் நோர்த் தேசாதிபதியால் தோற்றுவிக்கப்பட்டது. மலைநாட்டை அளக்கும் முறை எளிதாகச் சொல்லக்கூடியது. சமநிலத்தில் ஒரு நேர்கோட்டைச் சங்கிலியால் மிகக் கவனமாக அளப்பர். அக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள சிகரம் ஒன்றை நோக்கி, இரு கோணங்களைக் குறிப்பர். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணம் முழுவதும் தெரிந்துவிடும் என்பது பள்ளி மாணவரும் அறிந்தது. பின் அச்சிகரத்தில் ஏறி அடுத்த சிகரத்தை நோக்குவர். இவ்வாறு சிகரத்திலிருந்து சிகரத்துக்குத் தாவித் தாவி, நிலத்தில் நடவாமலே நாடு முழுவதையும் தாளில் அடக்குவர். இடையில் மூடுபனி வந்தால் நாட்கணக்கில் உச்சியிலேயே காத்திருக்க வேண்டும். காட்டை வெட்டி வழி செய்தவர், கருவியைத் தலையில் சுமந்தவர், உச்சியில் கல் குவித்தவர் ஆகியோரின் பெயர்கள் வரைபடத்தில் இல்லை. இன்றும் நில அளவையாளருக்குப் பயிற்சியளிக்கும் நிலையம் தியத்தலாவையிலேயே இருப்பது பொருத்தமானதே.

நோக்கியதை அளந்தனர், அளந்ததை விற்றனர். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை காட்டப்படாத காட்டையும் தரிசையும் அரசுக்கு உரியதாகக் கொண்டது. 1844 வரையும் ஒரு ஏக்கரின் ஆகக் குறைந்த விலை ஐந்து சிலிங். வழிவழியாக மாடு மேய்த்தும் சேனை செய்தும் வந்த கண்டிச் சிங்களக் குடியானவனிடம் உறுதி ஓலை எங்கே இருக்கும்? மலை கைமாறியது. கோப்பி வந்தது. 1869இல் கோப்பியிலையில் தோன்றிய நோய் அப்பயிரை இருபதாண்டுகளுள் அழித்தது. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரவில் பயிரிட்டிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. ஊவா 1886இல் தனி மாகாணமாயிற்று.

இக்காலத்துப் பெயர்களுள் மேஜர் ரொஜர்ஸ் என்பவரை விட்டுவிடலாகாது. பதுளையில் அரசாங்க அதிகாரியாயிருந்து பாதைகள் அமைத்தவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பது அவருடைய புகழ், அல்லது பழி. 1845 சூன் 7ஆம் நாள் அப்புத்தளைத் தங்குமடத்தில் இடியும் மின்னலுமாயிருந்த வேளையில் வெளியே வந்து நின்றவரை மின்னல் தாக்கிக் கொன்றது. பதுளையிலுள்ள புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாக எழுந்தது. மலைவிளிம்பில் நின்று வானத்தை நோக்குவதிலும் இடருண்டு என்பதை அப்புத்தளை அன்றே காட்டிற்று.

புகையிரதம் ஊவாவுக்குள் வந்தது 1893இல். பட்டிப்பொல நிலையம் 6,200 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அதனை அடுத்த சுரங்கத்தைக் கடந்ததும் வண்டி மலையின் மறுபக்கத்துக்கு வந்துவிடும். மழையோடு சுரங்கத்துள் புகுந்து வெயிலோடு வெளிப்பட்ட அனுபவம் அவ்வழி சென்ற பலருக்கும் உண்டு. அப்புத்தளையை 1893இலும் பண்டாரவளையை 1894இலும் அடைந்த பாதை, பதுளையை அடைய 1924 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. காரணம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள நிலத்தின் கடுமை. அங்கேதான் ஒன்பது வளைவுப் பாலம் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் எழுந்தது. அங்கேதான் பாதை மலையைச் சுற்றி இறங்கித் தெமோதரை நிலையத்தின் அடியிலேயே சுரங்கமாகப் புகுகின்றது. இன்று அப்பாலத்தைக் காண வருவோர் மலைகளைக் காண வருவோரினும் மிகுதி.

இடையில் 1900ஆம் ஆண்டு, தென்னாபிரிக்கப் போரில் சிறைபிடிக்கப்பட்ட ஏறத்தாழ 5,000 போயர்கள் தியத்தலாவை முகாமுக்குக் கொண்டுவரப்பட்டனர். சூழ்ந்த மலைகளே அவர்களுக்கு இரண்டாம் வேலி. பரந்த புல்வெளியில் வளர்ந்த அம்மனிதர்க்கு அப்புத்தளை மலைத்தொடர் எங்ஙனம் தோன்றியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். காட்சித் தலம் என்று நிச்சயமாகத் தோன்றியிராது.

இனி லிப்டன். கிளாஸ்கோ நகரில் மளிகைக் கடையில் தொடங்கிப் பெருவணிகரான தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து, கோப்பி வீழ்ச்சியால் விலை குறைந்திருந்த தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதென்ன அவற்றுள் ஒன்று. அங்கே தொழிற்சாலை எழுந்தது. இடைத்தரகர் இல்லாமல் தோட்டத்திலிருந்து நேரே வாங்குவோர் கைக்குத் தேயிலையைச் சேர்ப்பதே அவருடைய வணிக முறை. தொழிற்சாலைக்கு மேலே ஏழு கிலோமீட்டர் ஏறினால் ஓர் உச்சி. அவர் அங்கு அமர்ந்து தம் நிலங்களை நோக்குவாராம். ஆகவே அது ‘லிப்டன் இருக்கை’. இன்று அங்கே அவர் உருவச்சிலையும் அமர்ந்திருக்கின்றது. ஊவா, தென், சப்பிரகமுவ, மத்திய, கிழக்கு மாகாணங்களின் பகுதிகள் அங்கிருந்து தெரியும் என்பர். லிப்டன் இலங்கையில் குடியிருந்தவர் அல்லர், வந்து போனவர். வந்து போனவரின் இருக்கை பெயர்பெற்றது; நாளும் ஏறியவர்களுக்கு அங்கே இருக்கையே இருந்ததில்லை.

நாளும் ஏறியவர்கள் யார் என்பதற்குத் தோட்டத் தமிழே விடை கூறுகின்றது. யாழ்ப்பாணத்தவருக்கோ தஞ்சாவூராருக்கோ மலை என்றால் ஓங்கி நிற்கும் குன்று. தோட்டத்தில் மலை என்றால் தேயிலை நிரை நிற்கும் வேலைத்தலம். ‘அம்மா மலைக்குப் போயிருக்கிறாள்’ என்று லயத்து வாசலிலிருந்து குழந்தை சொன்னால், கொழுந்து கொய்யப் போயிருக்கிறாள் என்பது பொருள். மூன்றாம் நம்பர் மலை, ஏழாம் நம்பர் மலை என்று மலைக்கு எண் உண்டு. சிகரத்துக்குப் பெயர் சூட்டிய ஆங்கிலேயரும் அளந்த அலுவலரும் அறியாத நுட்பத்துடன், எந்த மலையில் எந்த நிரைக்குப் பக்கத்தில் அட்டை மிகுதி, எங்கே கால் வழுக்கும், எங்கே ஊற்று என்பதை அம்மக்கள் அறிவர். காலையில் தப்பு ஒலி கேட்டுப் பெரட்டுக்களத்தில் கூடி, கங்காணி காட்டிய நிரையில் ஏறி, மாலை வரையும் சரிவில் நின்ற தலைமுறைகள் அவை. ‘பத்தனை’ என்னும் ஊர்ப்பெயரும், மலைமேல் விரிந்த மானாப்புல் வெளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லைத் தமிழ்நா தன் வசமாக்கிக்கொண்டதே.

அவர்கள் தமிழ்நாட்டின் திருச்சி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கோப்பிக் காலத்திலேயே வரத் தொடங்கினர். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடு கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இறந்தவர் பல்லாயிரவர். ஊவாவுக்கு வந்தவர்களுக்கு அதற்குப் பின்னும் நடை இருந்தது. அவ்வளவு தொலைவு நடந்து வந்து, முதன்முதலாக ஊவா விளிம்பில் நின்றவர் எதனைப் பார்த்திருப்பர்? இதற்கு நூலில் விடையில்லை. ஆயினும் விளிம்பின் தென்புறச் சமநிலத்துக்கப்பால் கதிர்காமம் இருக்கின்றது என்பது அவர்களுக்கு விரைவில் தெரிந்துவிட்டது. ஆடி மாதத்தில் வெல்லவாய, புத்தல வழியாகக் கதிர்காமத்துக்கு நடப்பது ஊவாத் தோட்டங்களில் நீடித்த வழக்கமாயிற்று. போக இயலாதவர் அத்திசை நோக்கிக் கைகூப்புவதும் உண்டு. கதிர்காமமும் ஊவா மாகாணத்துக்குள்ளேயே அடங்கியது.

ஊவாத் தேயிலையின் சுவைக்கும் இம்மலை விளிம்பே காரணம் என்பது பலர் அறியாதது. சூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று இலங்கையின் மேற்குச் சரிவில் மோதி அங்கேயே மழையைக் கொட்டிவிடும். விளிம்பைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது அக்காற்றில் ஈரம் இல்லை; இறங்க இறங்க வெம்மையும் வறட்சியும் கூடும். இதுவே கச்சான் காற்று. அக்காற்றில் கொழுந்து மெல்ல வளர்ந்து ஒரு தனி மணத்தைப் பெறுகின்றது. சூலை முதல் செப்டெம்பர் வரையான ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் உயர்ந்த விலை உண்டு. அதே காற்றில் பத்தனைப் புல் காய்ந்து தீப்பற்றும். கொழுந்து குறைந்தால் நாட்சம்பளமும் குறையும். நல்ல தேயிலையின் காலமும் கொய்பவரின் நெருக்கடிக் காலமும் ஒன்றாகவே வருவது ஊவாவின் விந்தை.

நாடு விடுதலை பெற்ற 1948இலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்பாட்டின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். பதுளையிலும் பண்டாரவளையிலும் பெட்டி படுக்கையோடு வண்டியேறியவர்கள் தலைமன்னாரை நோக்கிச் சென்றனர். அவ்வண்டி அப்புத்தளையைக் கடந்து இதல்கஸ்ஹின்ன நிலையத்துக்கு வரும்போது, பாதையின் இருபுறமும் மலை விழுந்து கிடக்கும். ஒருபக்கம் தெற்குச் சமநிலம்; மறுபக்கம் ஊவா முழுவதும், வெலிமடை வயல்களும் நமுனுகுலவும் உட்பட, ஒரே பார்வையில் தெரியும். நூறாண்டு உழைத்த நிலத்தை அம்மக்கள் ஒருசேரக் கண்ட கடைசி இடம் அதுவே. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே பெரிதும் தீர்ந்தது. காட்சித் தலங்களின் பட்டியலில் இதல்கஸ்ஹின்ன நிலையமும் உண்டு; காரணம் மட்டும் வேறாக எழுதப்பட்டிருக்கின்றது.

மலையை நோக்குவோர் மேலிருந்து கீழே நோக்குகின்றனர். அதன் அடிவாரத்தில் வாழ்வோர் கீழிருந்து மேலே நோக்குகின்றனர். இவ்விரு நோக்குகளுள் எது உயிரோடு தொடர்புடையது என்பதை 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை காட்டிற்று. கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில், பல நாள் மழையில் ஊறிய மலைச்சரிவு பெயர்ந்து வந்து லயங்களை மூடியது. கோவிலும் கடைகளும் மண்ணுள் மறைந்தன. பள்ளிக்குப் புறப்பட்டுச் சென்றிருந்த சிறுவர் சிலர் உயிர்தப்பி, பெற்றோரை இழந்தனர். அவ்விடம் இடருக்குரியது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல்லாண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போய்க் குடியிருக்க நிலமும் வீடும் இல்லை. தோட்டத்து மக்களுக்குச் சொந்தக் காணி இன்மையால், ‘அபாயம், விலகிச் செல்க’ என்ற சொல்லுக்கு அவர்களிடம் விடை இருக்கவில்லை.

மண்சரிவு முன்னறிவிப்பின்றி வருவதன்று. சுவரிலும் நிலத்திலும் புதிய வெடிப்புத் தோன்றும்; நேராய் நின்ற மரம் சாயும்; வற்றியிருந்த இடத்தில் ஊற்றுக் கிளம்பும்; தெளிந்த ஊற்று சேறாகும். இவற்றை முதலிற் காண்பவர், மலையில் கான் வெட்டுபவரும் கொழுந்து கொய்பவரும். பழைய தோட்டங்களில் சரிவின் குறுக்கே வெட்டிய கான்கள் மழைநீரை வழிமாற்றி, மண்ணைக் காத்தன. கான் வெட்டுவது மேற்பார்வைக்கு இழிந்த வேலை. மெய்யாகவோ அது மலையைப் படிக்கும் கலை. ஆளும் செலவும் குறைத்துக் கான்களைத் தூரவிட்ட இடங்களில் நீர் மலையின் உள்ளேயே இறங்குகின்றது. கோணமானி வைத்தவர் மலையின் உயரத்தை அறிந்தார். அதன் உள்ளே நீர் எங்கே நிற்கின்றது என்பதை மண்வெட்டி பிடித்தவர் அறிந்திருந்தார்.

ஏனைய இடங்களைப் பற்றி நெடிது கூறவேண்டுவதில்லை. எல்லவிலுள்ள ‘சின்னச் சிவனொளிபாதமலை’ வடிவொப்புமையால் அப்பெயர் பெற்றது, ஏறுவது எளிது, தேயிலை நிரைகளின் நடுவேதான் வழி. எல்லப் பாறைக்கு ஏறுவோர் புகையிரதப் பாதையைக் கடந்து செல்வர். பதுளைக்கு வடக்கே நரங்கலை முக்கோணம்போல நிற்கும். அப்புத்தளையில் சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிசாம் மாளிகை இப்போது பெனடிக்டின் துறவிகளின் மடம். ஹோட்டன் சமவெளி 1988இல் தேசிய வனமாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுச் செல்வத்துள் சேர்ந்தது. ‘மகா எலிய’ என்று ஊரார் வழங்கிய அப்புல்வெளியை, 1834இல் வேட்டைக்குச் சென்ற ஆங்கிலப் படை அலுவலர் இருவர் ‘கண்டுபிடித்தனர்’ என்று எழுதுவது இன்றும் நிற்கவில்லை. ஊரார் பெயரிட்டு வழங்கிய ஒன்றைப் பிறர் கண்டுபிடித்தனர் என்பது மொழிக்கே ஒவ்வாதது.

லிப்டன் இருக்கைக்குச் செல்ல விரும்புவோர் விடியுமுன் புறப்படவேண்டும். பகல் ஏறினால் சமநிலத்திலிருந்து மூடுபனி எழுந்து விளிம்பை மறைத்துவிடும். பின்னர்க் காண்பதற்கு வெண்மை ஒன்றே இருக்கும். அப்போது படம் எடுக்க வந்தோர் கீழே இறங்குவர். பாதையின் வளைவு ஒன்றில் அவர்களுடைய வண்டி நிற்க வேண்டி வரலாம். அங்கே கொழுந்துச் சாக்குகளுடன் பெண்கள் வரிசையாக நிற்பர், தராசு தொங்கும், கணக்கப்பிள்ளை ஒவ்வொருத்தியின் நிறையையும் சொல்லி எழுதுவார். முதல் நிறுவை முடிந்ததும் அவர்கள் வெற்றுச் சாக்கை உதறித் தோளிலிட்டு, பனிக்குள் மீண்டும் மலைக்கு ஏறுவர்.